அம்மாவின் கை இருந்த உயரம்

பிரஷர் பார்க்கும் மிஷினை எடுத்துக் கையில் மாட்டி, அது இறுக்கும்போது அக்காவும் தம்பியும் சிரிக்கிறீர்கள். அது விளையாட்டுச் சாமான் இல்லை என்று அதட்டினால், "அப்ப அது என்னதான் செய்யும், சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நான் பாதியில் வேறு எதற்கோ போய்விடுவேன், அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவனுக்கு விளங்கிய அளவில்தான் இருக்கும். மிச்சத்தைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்சு ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ரத்தத்தைக் குழாய்க்குள் தள்ளுகிறது. தள்ளுகிற நேரத்தில் குழாயின் உள்சுவரில் ஒரு அழுத்தம் விழுகிறது. அடுத்த அடிக்கு முன்னால் நெஞ்சு கொஞ்சம் ஓயும்போது அந்த அழுத்தம் குறைகிறது. மிஷினில் மேலே வரும் எண் தள்ளும்போது உள்ளது, கீழே வரும் எண் ஓயும்போது உள்ளது. ஆனால் குழாய் உடம்புக்குள் இருக்கிறதே, தோலைக் கிழிக்காமல் எப்படி அளப்பது? அதற்குத்தான் அந்தப் பட்டை. பட்டைக்குள் ஒரு காற்றுப் பை இருக்கிறது. மிஷின் அதில் காற்றை அடித்து, கையில் ரத்தம் போகும் வழியைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடும். நீங்கள் சிரிப்பது அப்போதுதான். பிறகு காற்றை மெல்ல மெல்ல விடும். பிடி தளரத் தளர, ரத்தம் முட்டி மோதி உள்ளே நுழையும். நுழையும் ஒவ்வொரு தடவையும் பட்டைக்குள் இருக்கும் காற்று லேசாக அதிரும். அந்த அதிர்வு எப்படிக் கூடி எப்படிக் குறைகிறது என்பதை வைத்து மிஷின் கணக்குப் போட்டு இரண்டு எண்களையும் காட்டுகிறது. டாக்டர்கள் முழங்கை மடிப்பில் குழாய் வைத்துக் காதால் கேட்பார்கள். முதல் சத்தம் கேட்கும் இடம் மேல் எண், சத்தம் மறையும் இடம் கீழ் எண். நம் மிஷினுக்குக் காது இல்லை. அதிர்வுதான் தெரியும். நீங்கள் சிரித்தாலும், கையை ஆட்டினாலும், பேசினாலும் அதுவும் அதிர்வுதான். அதனால்தான் பேசாதீர்கள் என்கிறேன்.

வயதானவர்களுக்கு மட்டும்தான் இது வேண்டும் என்று நினைக்காதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் பார்க்கிறார்கள், ஆபரேஷனுக்கு முன்னும் பார்க்கிறார்கள். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் உடல்தகுதி பார்க்க டாக்டர் வந்தால் முதலில் பட்டையைத்தான் எடுப்பார். பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்களுக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் பார்ப்பார்கள். ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது தம்பி வயிற்றில் இருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சீசன் சூடு பிடித்திருந்த மாதம் அது. நான் விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தேன். உங்கள் அம்மா வீட்டில் பட்டாசுப் பெட்டி ஒட்டினாள். அச்சாபீசிலிருந்து படம் போட்ட அட்டைகள் வரும். மடித்து, ஓரத்தில் பசை தடவி ஒட்டி, தட்டையாகவே அமுக்கி, கயிறு போட்டுக் கட்டுக் கட்டாக அடுக்க வேண்டும். கம்பெனி வண்டி வந்து லோடு ஏற்றிப் போகும்வரை கட்டுகள் வீட்டுக்குள்ளேயே சுவரோரம் ஏறிக்கொண்டிருக்கும்.

ஏழாம் மாதம் முடிகிற சமயம். ஊருக்கு வரும் நர்சம்மா அம்மாவுக்குப் பிரஷர் பார்த்தார். பட்டையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்த இரண்டாவது தடவைதான் பயமாக இருந்தது. மறுநாளே சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அங்கே டாக்டரம்மா பார்த்தபோது நூற்று நாற்பத்தாறுக்குத் தொண்ணூற்று நாலு. மாத்திரை எழுதினார். அவர் பேசியது எனக்கு இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது.

"இது சாதாரண பிரஷர் இல்லப்பா. கர்ப்பத்தால வர்றது. கூடிப்போனா தாய்க்கு வலிப்பு வரலாம். பிள்ளைக்கு ரத்தம் போறது குறையலாம். ரெண்டு உயிர். வீட்லயே ஒரு மிஷின் வாங்கி வச்சுக் காலையும் சாயங்காலமும் பாருங்க. மேல நூத்தி அறுபது, கீழ நூத்திப் பத்து, ரெண்டுல எது வந்தாலும் உடனே வரணும். தலைவலி, கண்ணு மங்கல், மேல்வயித்து வலி, இதுல எது வந்தாலும் நம்பரப் பாக்காம வரணும்."

அம்மா தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம், "வலிப்புன்னா எப்பிடிங்க இருக்கும்? வரும்போது தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

மருந்துக் கடையில் மிஷின் வாங்கினேன். கடைக்காரர் என் கையிலேயே மாட்டிக் காட்டினார். கல்லாப்பலகை என் நெஞ்சு உயரம் இருந்தது. அதன் மேல் கையை வைக்கச் சொன்னார். "சட்டைக்கு மேல மாட்டாதீங்க. கையத் தொங்கப் போடாதீங்க. மேசை மேல தளர்வா வச்சிக்கிடணும், அவ்வளவுதான்" என்றார். பெட்டிக்குள் இருந்த தாளிலும் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து மேசை மேல் கையை வைத்திருக்கும் படம்தான் இருந்தது.

நம் வீட்டில் அப்போது மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. ஒட்டுவதும் உண்பதும் படுப்பதும் தரையில்தான். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். மேசைக்கு என்ன செய்வது என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். அவள் பக்கத்திலேயே பெட்டிக் கட்டுகள் இருந்தன. பலகை மாதிரி தட்டையாக, ஆடாமல் இருந்தன. அதன் மேல் கையை வைத்தோம். அருமையான மேசை. நூற்று நாற்பத்து நாலுக்குத் தொண்ணூற்று இரண்டு. டாக்டரம்மா பார்த்ததும் ஏறக்குறைய அதேதான். மிஷின் சரியாக இருக்கிறது என்று நம்பினேன்.

பக்கத்து வீட்டில்தான் உங்கள் பெரியம்மா, எனக்கு மதினி. அவர் வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"ஏலே கொழுந்தா, பொண்டாட்டி கையப் பிடிக்கணும்னா நேராப் பிடிக்க வேண்டியதான? அதுக்கு ஒரு மிஷினா?"

"பேசாதீக மதினி, பேசுனா நம்பரு ஏறும்."

"அவளா பேசுறா? நாந்தான பேசுறேன்."

"நீங்க பேசுனா அவ சிரிப்பா. அதுலயும் ஏறும்."

அம்மா சிரித்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன்னும், சாயங்காலம் வந்து குளித்த பிறகும் பார்ப்பது பழக்கமாயிற்று. நடுவில் உள்ள பகல்தான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். வாசல் அறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அம்மாவுக்கு வலிப்பு வந்தாலும் எனக்குத் தெரியாது. மருந்து செலுத்தும்போது வேறு நினைப்பு கூடாது என்பார் போர்மேன். கையை வேலையில் வைத்துக்கொண்டு, காலை எண்ணை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். சாயங்காலம் போனை வாங்கியதும் அம்மாவின் நம்பர் ஏதும் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஆனால் எண்கள் நல்லபடியாக வந்தன. நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. அப்புறம் நூற்று முப்பத்தெட்டு. ஒரு நாள் நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தாறு. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தோம். அந்த நாட்களில் வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மற்ற ஊர்களுக்கு லோடு எடுக்க வேண்டியிருந்ததால் கம்பெனி வண்டி நம் தெருப்பக்கம் வரவே இல்லை. கட்டுகள் ஏறிக்கொண்டே போயின. அம்மாவின் இடுப்பு உயரம் இருந்த அடுக்கு தோள் உயரமாயிற்று, பிறகு காது உயரமாயிற்று. நாங்களும் அதே மேசைதான் என்று கையை மேலே மேலே தூக்கி வைத்தோம். கை வீங்கி, விரலில் மோதிரம் இறுகியிருந்தது. கையைத் தூக்கி வைத்தால் அவளுக்கு இதமாக இருந்தது. "இப்பிடியே வச்சுக்கிட்டாத் தேவலன்னு இருக்குங்க" என்பாள். அதனால் சந்தேகமே வரவில்லை.

மதினி ஒரு நாள் வந்து அடுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் மேல் கையை வைத்தார். "எனக்கும் பாரு. ஒங்கண்ணனக் கட்டுனதுக்கு எறநூறாச்சும் இருக்கணும்."

நூற்றுப் பதினெட்டு காட்டியது.

"பொய் சொல்லுதுலே இது."

"ஒங்களுக்குக் கொறையா இருக்குன்னு நானே வருத்தத்துல இருக்கேன். அண்ணனுக்குத்தான் எறநூறு இருக்கும் போல" என்றேன். அன்று மூவரும் நன்றாகச் சிரித்தோம்.

அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. அம்மா போகவில்லை. "எறங்கிக்கிட்டுத்தான இருக்கு. நாள் பூரா அங்கன உக்காந்திருந்தா இந்த ஆர்டரு முடியாதுங்க. லோடு போனதும் போறேன்" என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. "டாக்டரம்மா வரச் சொன்ன நாளு புள்ள" என்றேன். அவள் மிஷினை எடுத்து என் முன்னால் கையை அடுக்கின் மேல் வைத்து, பொத்தானை அமுக்கினாள். நூற்று முப்பத்தாறு. "இப்ப என்ன சொல்றீக?" என்றாள். அந்த எண்ணை நம்பி நான் வேலைக்குக் கிளம்பினேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், வானம் கறுத்து இடி கேட்க ஆரம்பித்தது. இடி என்றால் பட்டாசுக் கம்பெனியில் வேலை நிற்கும். போர்மேன் விசில் ஊதினார். எல்லோரும் அறைகளை விட்டு வெளியே வந்தோம். நான் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். தெருமுனையில் கம்பெனி வண்டி தார்ப்பாய் கட்டிக்கொண்டு எதிரே போனது. மழைக்கு முன்னால் நம் வீட்டு லோடையும் ஏற்றிவிட்டார்கள்.

வீடு வெறிச்சென்று இருந்தது. அம்மா அதே சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்ல. தலை கனமா இருக்கு. பசை வாடை ஒத்துக்கல போல."

"எப்பருந்து?"

"நேத்தும் இருந்துச்சு. இன்னைக்குக் கொஞ்சம் கூட."

நான் மிஷினை எடுத்தேன். கையை வைக்க அடுக்கு இல்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள். பட்டை இறுகியது, வழக்கத்தைவிட அதிக நேரம் இறுகியது. முதலில் அடித்த காற்றுப் போதாமல் மறுபடி அடித்தது. அப்புறம் எண் வந்தது. நூற்று எழுபத்து நாலுக்கு நூற்று இருபது.

ரெண்டு உயிர் என்று டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. அம்மா எண்ணைப் பார்த்துவிட்டு, "காலைல முப்பத்தாறு தான? அதுக்குள்ள எப்பிடி?" என்றாள். பாட்டரி போய்விட்டதோ என்று டார்ச் லைட்டிலிருந்து கழற்றி மாற்றினேன். மறுபடி எழுபத்து இரண்டு. சத்தம் கேட்டு மதினி வந்தார்.

"எனக்குப் போடு பாப்பம்" என்று அவரும் தரையில் உட்கார்ந்து மடியில் கையை நீட்டினார். நூற்று நாற்பத்தெட்டு.

மதினி பட்டையைப் பிய்த்து எடுத்தார். "அன்னைக்குப் பதினெட்டு, இன்னைக்கு நாப்பத்தெட்டா? எனக்கு என்ன கேடு வந்துச்சு? மிஷினு கெட்டுப்போச்சுலே. எல்லாருக்கும் ஏத்திக் காட்டுது. கடைக்காரங்கிட்ட கொண்டுபோய் மூஞ்சில எறி."

அது சரியாகத்தான் பட்டது. ஒருவருக்கு மட்டும் ஏறினால் அவருக்குக் கோளாறு. எல்லோருக்கும் ஏறினால் மிஷினுக்குத்தானே கோளாறு? அம்மாவின் முகம் தெளிந்தது. "நல்லவேளை. பயந்தே போனேன். மழை விடட்டும், போய் மாத்திட்டு வாங்க" என்றாள். நான் மிஷினைப் பெட்டிக்குள் வைத்தேன். மிஷினை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று ஒரு குழப்பம். கடைக்குப் போவதற்குத்தான் கால் கிளம்பியது. ஆனால் அவள் தலையைச் சுவரில் சாய்த்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நர்சம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மேடம், பிரஷர் மிஷினு திடீர்னு எல்லாருக்கும் கூட்டிக் காட்டுமா?"

"எம்புட்டு காட்டுது அண்ணே?"

சொன்னேன்.

"முன்னாடி எம்புட்டு?"

அதையும் சொன்னேன். லோடு போன கதையையும் சேர்த்துச் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. பதற்றத்தில் எல்லாவற்றையும் சொல்வோமே, அப்படித்தான்.

"ஒரு நிமிசம். முன்னாடியெல்லாம் கைய எங்கன வச்சுப் பாத்தீக?"

"கட்டு மேல மேடம். அடுக்கு மேல."

"அடுக்கு எம்புட்டு ஒசரம்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். வெறும் சுவரில் அந்த உயரத்தை மனசுக்குள் வைத்துப் பார்த்தேன். "காது ஒசரம் இருக்கும்" என்றேன்.

அவர் குரல் நிதானமாக, ரொம்ப நிதானமாக வந்தது.

"அண்ணே, நான் சொல்றபடி செய்ங்க. சுவத்துல நல்லா சாஞ்சு நிமிர்ந்து உக்காரச் சொல்லுங்க. கைக்கு அடியில தலகாணி வைங்க. பட்டை நெஞ்சுக்கு நேரா இருக்கணும். மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுப் போடுங்க. யாரும் பேசக் கூடாது. போன வைக்காதீக."

தலையணையையும் மடித்த சேலையையும் வைத்து உயரம் சரி செய்தேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் காற்றடித்தது, விட்டது. நூற்று அறுபத்து நாலுக்கு நூற்றுப் பன்னிரண்டு.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றார் நர்சம்மா. "இத்தன நாளும் கைதான் ஒசரத்துல இருந்துச்சு. நான் வண்டிக்குச் சொல்றேன், நீங்க கெளம்பி நில்லுங்க. தலைவலி இருக்கான்னு மறுபடி கேளுங்க. கண்ணு எப்பிடி இருக்குன்னும் கேளுங்க."

கேட்டேன். அம்மா கொஞ்சம் தயங்கினாள். "காலைலருந்து கண்ணு முன்னால பொறிப் பொறியாப் பறக்குது. ஒங்கட்டச் சொன்னா வேலைக்குப் போகமாட்டீகன்னு சொல்லல."

அக்கா, நீ அப்போது அங்கன்வாடியில் இருந்தாய். உன்னைக் கூட்டி வரும் பொறுப்பை மதினி ஏற்றார். ஆம்புலன்ஸ் வந்தது. அம்மா ஏறும்போது மதினி அவள் முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு, "ஏத்தா, நீ வர்றப்ப ரெண்டு பேரா வரணும், சொல்லிப்புட்டேன்" என்றார். குரலில் கிண்டல் இல்லை.

சிவகாசி ஆஸ்பத்திரியில் பார்த்ததும் ஊசி போட்டு, விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அதே வண்டியிலேயே அனுப்பினார்கள். வண்டிக்குள்ளும் ஒரு மிஷின் இருந்தது, சுவரில் மாட்டியது. பட்டையை ஒரு தடவை மாட்டிவிட்டால் போதும். யாரும் பொத்தான் அமுக்க வேண்டாம், குறித்த நேரத்துக்கு ஒரு தடவை தானே இறுக்கி, தானே தளர்ந்து, திரையில் எண்ணைப் போடும். கூட இருந்த பெண் ஊழியர் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரை அம்மாவின் தலைக்குப் பின்னால் இருந்தது. அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

மழையில் வண்டி மெதுவாகப் போனது. பட்டை இறுகும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள்.

"எம்புட்டு?"

"நூத்தி அறுபத்தெட்டு."

அடுத்த முறை.

"எம்புட்டு?"

நூற்று எழுபது. எனக்குப் பொய் சொல்ல நாக்கு வரை வந்தது. முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று நல்ல எண்ணாகக் கேட்டுக்கேட்டுத்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்று தோன்றியது. "எழுபது. ஊசி போட்டிருக்காக. எறங்கும்" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வயிற்றின் மேல் கையை வைத்து, "இவன் அசைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கான்" என்றாள். பெண் ஊழியர் முதல்முறையாகத் திரையிலிருந்து திரும்பி, "அதையே சொல்லிக்கிட்டு வாங்கக்கா. அசைவு நின்னாச் சொல்லுங்க" என்றார். விருதுநகரை நெருங்கி, சூலக்கரை ஆபீஸ்களைத் தாண்டும்போது நூற்று அறுபத்தைந்து. நான் கேட்காமலேயே சொன்னேன்.

விருதுநகரில் டாக்டர் அதிகம் பேசவில்லை. "பிள்ளைய எடுத்தாத்தான் இது அடங்கும். மாசம் பத்தாது, சின்னதாத்தான் இருக்கும். ஆனா காத்திருந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து" என்றார். கையெழுத்துப் போட்டேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், கையின் உயரத்துக்கும் எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தேன். மனசை எதிலாவது கட்டிப்போட வேண்டியிருந்தது. நம் ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொண்டேன். பள்ளத்துத் தெருக் குழாயில் தண்ணீர் பீறிட்டு வரும். மேட்டுத் தெருவில் சொட்டும். தொட்டி ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். ஏற ஏறத் தள்ளு குறைகிறது. நெஞ்சிலிருந்து கைக்குப் போகும் ரத்தமும் அப்படித்தான். கை நெஞ்சைவிட உயரத்தில் இருந்தால், ஏறிப்போவதிலேயே தள்ளில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். மிஷின் கைக்கு வந்து சேர்ந்ததைச் சரியாகத்தான் அளந்தது. கை கீழே இருந்தால் கூட்டிக் காட்டும். மடியில் வைத்தபோது மதினிக்கு ஏறியதும் அதனால்தான். பட்டை நெஞ்சு மட்டத்தில் இருந்தால்தான் நெஞ்சில் உள்ளதைச் சொல்லும். அடுக்கு ஒவ்வொரு நாளும் உயர்ந்தது, எண் ஒவ்வொரு நாளும் இறங்கியது. உள்ளே உண்மையான அழுத்தமோ ஏறிக்கொண்டிருந்தது. அவள் கையில் வீக்கம் குறைந்தாற்போல் இதமாக இருந்ததும் அதே உயரத்தால்தான். இவ்வளவு யோசித்த பிறகும் கதவு திறக்கவில்லை.

திறந்தபோது ஒரு நர்ஸ் துணியில் சுற்றி எதையோ கொண்டு வந்தார். முகம் மட்டும் தெரிந்தது. எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் பெரிய முகம். "பையன். அழுதுட்டான். சூட்டுல வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். தம்பி, உன்னை நான் முதலில் பார்த்தது அவ்வளவு நேரம்தான்.

"அம்மா?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன். பதில் இன்னொரு டாக்டரிடமிருந்து வந்தது. "ஆபரேஷன் நல்லா முடிஞ்சது. ஆனா பிரஷர் இன்னும் எறங்கல. பிள்ளை பிறந்த பெறகும் வலிப்பு வரலாம். இனிமேதான் கவனமாப் பாக்கணும்."

பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். அது இல்லை. அம்மாவை வேறு அறையில் வைத்திருந்தார்கள். திரை போட்டு வெளிச்சத்தைக் குறைத்திருந்தார்கள், சத்தம் போடக் கூடாது என்றார்கள். கையில் பட்டை இருந்தபடியே இருந்தது. நூற்று அறுபது. நூற்று ஐம்பத்தாறு. மறுபடி அறுபத்து இரண்டு. நான் கட்டில் ஓரத்தில் நின்று, பட்டை நெஞ்சு மட்டத்தில்தான் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். அங்கிருந்த சிஸ்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "படுத்திருக்காங்க சார். படுத்தா எல்லாம் ஒரே மட்டம்தான். நீங்க உக்காருங்க, இல்லன்னா ஒங்களுக்கும் ஒண்ணு மாட்ட வேண்டி வரும்" என்றார். உட்கார்ந்தேன்.

அம்மா விழித்ததும் கேட்டது பிள்ளையை. பிள்ளை சூட்டு அறையில், வேறு மாடியில். "பாத்துட்டு வந்திர்றேனே" என்று சிஸ்டரிடம் கெஞ்சினாள். சிஸ்டர் திரையைக் காட்டினார். நூற்று ஐம்பத்தெட்டு. "இத வச்சுக்கிட்டு எந்திரிச்சீங்கன்னா வழியில விழுந்திருவீங்க. எறங்கட்டும்." மறுநாள் காலையிலும் கேட்டாள். அப்போதும் இல்லை. எனக்கு மட்டும் அனுமதி இருந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். மூக்கு யார் மாதிரி, விரல் எவ்வளவு நீளம், மூச்சு எப்படி என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். "நீங்க சொல்றது எதுவும் வெளங்கல" என்று கடைசியில் கோபிப்பாள்.

அதற்கும் மறுநாள் மதினி உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார், அக்கா. சிஸ்டர் அப்போதுதான் பட்டையைச் சரி செய்து பொத்தானை அமுக்கியிருந்தார். மதினி வாசலிலேயே நின்றார். யாரும் பேசவில்லை. நீகூடப் பேசவில்லை. பட்டை இறுகி, தளர்ந்து, நின்றது. நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நம்பிக்கை வரவில்லை. "இன்னொரு தடவ பாருங்க சிஸ்டர்" என்றேன். அவர் முகம் சுளிக்காமல் கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார். நூற்று முப்பத்து நாலுக்கு எண்பத்தாறு. முழங்கை மடிப்பில் குழாய் வைத்துக் காதாலும் கேட்டார். பிறகு பட்டையைக் கழற்றினார். அது ஒட்டிப் பிரியும் சர்ரென்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"சக்கர நாற்காலி கொண்டாரச் சொல்றேன். போய்ப் பிள்ளையப் பாத்துட்டு வாங்க" என்றார்.

நாற்காலி வந்தது. அம்மா ஏறவில்லை.

"என்ன புள்ள, தலை வலிக்குதா?" என்றேன்.

"மொத மொத எம்பிள்ளையப் பாக்கப் போறேன். இந்தத் தலையோடயா போறது? சீப்பு இருக்கா மதினி?"

மதினி பையைத் துழாவிச் சீப்பைக் கொடுத்தார். அம்மாவின் ஒரு கையில் ஊசிக்குழாய் ஏறியிருந்தது. மதினியின் இடுப்பில் நீ. அதனால் நானே சிக்கெடுத்துப் பின்னினேன். மூன்று கால் எடுக்கத் தெரியாமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

"ஏலே, அது சடையா, சரவெடியா?" என்றார் மதினி.

அம்மா தொட்டுப் பார்த்தாள். "போதும், விடுங்க. அவனுக்கு என்ன தெரியப் போகுது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தள்ளினேன்.